பாடிக் காட்டாத வாத்தியார்

எங்கள் தெருவுக்குள் வெள்ளம் வந்து, கட்டில் மேல் ஸ்டூலைப் போட்டு அதன் மேல் மிக்சியையும் சாமி படத்தையும் ஏற்றி வைத்துவிட்டு மாடியில் போய் உட்கார்ந்திருந்தோமே, அந்த மார்கழி உங்களுக்கு நினைவிருக்கும். அதற்கு முந்தின மார்கழியில்தான் பிள்ளையார் கோயிலில் அந்த இருமல் சமாச்சாரம் நடந்தது. வெள்ளத்துக்கு அடுத்த மார்கழியில் என் வீட்டுக்காரி மைக் முன்னால் போய் நின்றாள். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர். அதனால் எதைச் சொன்னாலும் தண்ணீருக்கு முன்னால், தண்ணீருக்குப் பின்னால் என்றுதான் எனக்குச் சொல்ல வருகிறது.

நான் சொல்ல வந்தது அவனைப் பற்றி. பெயர் வேண்டாம். தெருவில் எல்லாரும் சிக்னல் வாத்தியார் என்றார்கள், அதுவே போதும்.

துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டினேன். அவன் சிக்னல்மேன். துறைமுகத்தைத் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கப்பலின் அடிக்கிடங்கு ஒரு பெரிய கிணறு மாதிரி. மேலே கிரேன் கூண்டில் இருப்பவனுக்கு உள்ளே யார் நிற்கிறார்கள், பாரம் எங்கே போய் உட்காருகிறது, ஒன்றும் தெரியாது. கிடங்கின் விளிம்பில் ஒருவன் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே கையைக் காட்டுவான். உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறக்கு. விரலைச் சுழற்றினால் தூக்கு. முஷ்டியை மூடினால் அப்படியே நிறுத்து. அந்தக் கையை நம்பித்தான் இறக்க வேண்டும். கீழே மனிதர்கள் நிற்பார்கள். பெண் பார்க்கப் போனபோது என் வீட்டுக்காரி முகத்தைக்கூட நான் அத்தனை உற்றுப் பார்த்ததில்லை. அவன் கையைப் பார்த்திருக்கிறேன், வருசக்கணக்கில்.

வேலை முடிந்து வெளியே வந்தாலும் அந்தக் கை ஓயாது. டீக்கடையில் வாயைத் திறக்கமாட்டான். விரலைச் சுழற்றினால் இன்னொரு டீ. முஷ்டியை மூடினால் சர்க்கரை போடாதே. கடைக்காரர் ஒருநாள் சொன்னார்: "ஏலே, நான் என்ன கூண்டுக்குள்ளயா உக்காந்திருக்கேன்? வாயத் தொறந்து கேளுலே." அவன் சிரித்துவிட்டு மறுபடியும் விரலைத்தான் சுழற்றினான்.

அவன் விளாத்திகுளம் பக்கத்துக்காரன். அவன் அப்பா நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். அங்கே நாடகம் என்றால் விடிய விடிய நடக்கும். நானும் சின்ன வயதில் ஒரு தடவை மாட்டுவண்டியில் போய்ப் பார்த்தேன். ராஜா வேசம் போட்டவர் மேடைக்குப் பின்னால் பீடி குடித்துக்கொண்டிருந்ததுதான் இப்போது ஞாபகம் இருக்கிறது. அது கிடக்கட்டும். அந்த ஆர்மோனியமும் அப்பா மெட்டுக் கட்டின சில பாட்டுகளும் அவனிடம் இருந்தன. வேறு பெரிய படிப்பு ஒன்றும் பாட்டில் அவனுக்குக் கிடையாது.

அவனுக்குப் பாட்டு சொல்லிக்கொடுக்கிற கிறுக்கு எப்போது பிடித்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தேன். யூரியா இறக்கும் கப்பல். யூரியாவுக்கு ஒரு தூறல் ஆகாது, உடனே கிடங்கை மூடிவிடுவார்கள். நாங்கள் எல்லாரும் ஷெட்டில் ஒதுங்கி நின்றோம். மூட்டை தூக்குகிற ஒருவன் முருகன் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தான். எப்போது பாடினாலும் ஒரு வரியில் வழுக்குவான். நாங்கள் கேட்டுக் கேட்டு அந்த வழுக்கலே பாட்டென்று பழகிவிட்டோம். இவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த வரியை மட்டும் மெதுவாகப் பாடினான். மூட்டைக்காரன் பாடினான், வழுக்கியது. மறுபடி. மறுபடி. மழை விடுகிற நேரத்தில் அந்த வரி சரியாக வந்தது. மூட்டைக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! தொலைந்த மாடு தானாக வீட்டுக்கு வந்து நின்ற மாதிரி.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே சொன்னான்: "அண்ணாச்சி, நாள் பூரா இறக்குதோம். சாயங்காலம் பாத்தா லாரியேறிப் போயிருது. மறுநாளு வேற கப்பல். இன்னைக்கு அவனுக்குக் குடுத்தது எங்கயும் போவாது. அவன் சாவுற மட்டும் அவன்கிட்டயே கெடக்கும்."

"அதுக்கு?"

"எனக்கு இந்த வேலதான் விதிச்சிருக்கு போல. பாட்டு சொல்லிக் குடுக்கணும்."

"கோட்டி பிடிச்சிருக்காலே? பிள்ளைக படிப்பு முடியட்டும், பொறவு பாடு."

பிள்ளைகள் படிப்பு முடிகிற வரை பொறுத்தான். முடிந்த மாதமே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு, ஆர்மோனியத்தைத் தோளில் வைத்துக்கொண்டு என் வீட்டு மாடி ஷெட்டில் வந்து நின்றான். அப்போது நானும் ஓய்வு பெற்று வீட்டில்தான் இருந்தேன்.

பெரியவர்களுக்குத்தான் சொல்லிக் கொடுப்பேன் என்றான். சின்னப் பிள்ளைகளுக்கு ஆயிரம் இடம் இருக்கிறதாம். ஏழெட்டுப் பெண்கள் வந்தார்கள். உப்புக் கம்பெனி ஆபீசில் இருக்கும் ஒரு பெண், மக்ரூன் மிட்டாய் விற்கிற கடைக்காரர் சம்சாரம், பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, இப்படி. மாடி எங்கள் மாடி என்பதால் என் வீட்டுக்காரியும் போய்க் கடைசியில் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலமானால் அவன் பாடுவான், அவர்கள் பாடுவார்கள். கீழே நான் டிவி பார்க்க முடியாது.

தண்ணீருக்கு முந்தின அந்த மார்கழியில் அவர்களைக் கோயிலில் பாட வைத்தான். கொரோனா போய்விட்டது என்று சொன்னாலும் ஜனங்களுக்குப் பயம் போகவில்லை. பெண்கள் அழகாகத்தான் பாடினார்கள். மேல்ஸ்தாயிக்குப் போகிற இடம் வந்தது. போவதற்கு முன்னால் அத்தனை பேரும் ஒரே மாதிரி, ஒரே நேரத்தில், மைக்குக்குள் "க்ஹும்" என்று செருமினார்கள். இரண்டாவது தடவை அந்த இடம் வந்தது. மறுபடியும் "க்ஹும்." முன்வரிசையில் இருந்தவர்கள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். மார்கழிப் பூசையை நடத்துகிற உளுந்து மண்டி அண்ணாச்சி சட்டைப்பையில் இருந்து சானிடைசரை எடுத்துக் கையில் தேய்த்தார்.

விசயம் என்னவென்றால், அவனுக்கு நிலக்கரித் தூசி தின்ற தொண்டை. மேலே போவதற்கு முன்னால் ஒரு செருமல் செருமுவான். அவர்கள் அதையும் பாட்டென்று நினைத்துப் பாடம் பண்ணிவிட்டார்கள்.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் கோயில் படியில் உட்கார்ந்து சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தான்.

"அண்ணாச்சி, நான் அவியளுக்குப் பாட்டச் சொல்லிக் குடுக்கல. என்னையச் சொல்லிக் குடுத்திருக்கேன்."

"சவத்த விடு. அடுத்த தடவ செருமாமப் பாடு."

"செருமாட்டா வேற ஒண்ணு ஒட்டிக்கிடும். மூச்சு விடுதது ஒட்டும். எம் பயம் ஒட்டும்."

அதன் பிறகு அவன் வகுப்பில் பாடவே இல்லை. ஒரு வரிகூட. செல்போனில் சுருதி ஆப்பைப் போட்டுவிட்டு, ஆர்மோனியத்தில் ஒருதடவை வரியை வாசித்துக் காட்டுவான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். அதுதான் அவன் பாடம் எடுக்கிற முறை.

அப்படிக் கேட்ட முதல் நாளே கண்ணைத் திறந்து, "ஒரு ஆளு குறையுது" என்றானாம்.

"எல்லாரும்தான் இருக்கோம் சார்."

"இருக்கிய. ஒரு குரலு குறையுது."

ஒவ்வொருவராகப் பாடச் சொன்னான். என் வீட்டுக்காரி முறை வரும்போது அவள் எழுந்து, "அடுப்புல பால் இருக்கு" என்று இறங்கி வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. எனக்குத் தெரியும், நான் அடுக்களையில்தான் நின்று முறுக்கு தின்றுகொண்டிருந்தேன்.

"என்னளா, மொகம் இப்பிடி இருக்கு?" என்றேன்.

கிடந்த பாத்திரத்தை எல்லாம் எடுத்துக் கழுவினாள். பிறகு சொன்னாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுதந்திர தினத்துக்குப் பாட நிற்க வைத்தார்களாம். பாட்டு டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, இவளிடம் வந்ததும், "ஒனக்கு ஆம்பிளக் குரலு. நீ வாய மட்டும் அசை, போதும்" என்றாராம். அன்றிலிருந்து வாயை மட்டும் அசைத்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில், கோயிலில், பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டும்போதுகூட. நாற்பது வருசம் கூடப் படுத்து எழுந்தவன் நான். எனக்குத் தெரியாது. தாலாட்டுப் பாடாததைத் தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தேன்.

"ஒருக்க வாய்விட்டுப் பாடிரணும்னுதான் மாடிக்குப் போனேன். போயும் வாயத்தான் அசைச்சேன்" என்றாள்.

மறுநாள் அவன் கீழே வந்து அடுக்களை வாசலில் நின்றான்.

"மதினி, நான் பாடிக்கிட்டே இருந்தேன். அதான் நீங்க பாடல்லன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. வாத்தியார் பாடிக்கிட்டே இருந்தா யாரு பாடல்லங்கிறது அவனுக்கு எப்பிடித் தெரியும்? தப்பு எம்மேல."

"எனக்கு ஆம்பிளக் குரலு தம்பி."

"இருந்துட்டுப் போவுது. ஆம்பிளக் கட்டையில வச்சுப் பாடுவோம்."

அன்று சாயங்காலம் மாடியில் செல்போனில் சுருதியை இறக்கினான். இன்னும் இறக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு "ஆ" இழுத்தாள். மாடி ஷெட்டின் தகரம் லேசாக அதிர்ந்தது. கீழே நான் யாரோ ஆள் வந்திருக்கிறார்கள் என்று எழுந்து வாசலைப் பார்த்தேன்.

மற்றவர்களுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. மக்ரூன் கடைக்காரர் சம்சாரம் படியிறங்கும்போது என்னிடமே சொன்னார்: "யூடியூப்புல ஓசியாப் பாடிக் காட்டுதாக. இவரு கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்காரு. தூங்குதாரா கேக்காரான்னே தெரியல." அவருக்குப் பாடவே தெரியாது, பாதித் தொண்டை போய்விட்டது, என்றெல்லாம் தெருவில் பேசினார்கள். ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். கடைசியில் உப்புக் கம்பெனிப் பெண்ணும் என் வீட்டுக்காரியும்தான் மிச்சம்.

"ஒரு தடவ பாடிக் காட்டுனா என்னலே? எல்லாரும் திரும்பி வந்துருவாள்லா?" என்றேன்.

"வருவாக. பொறவு மதினி பழையபடி வாயத்தான் அசைப்பாக" என்றான்.

பிறகுதான் வெள்ளம். அதைச் சொல்ல ஆரம்பித்தால் பொழுது போதாது. வகுப்பு முடிந்ததும் எங்கள் கீழறையில் அவன் வைத்துவிட்டுப் போகிற ஆர்மோனியம் ஊறி உப்பிப்போய்விட்டது. தண்ணீர் வடிந்ததும் அவன் வந்து அதைத் திறந்து பார்த்தான். உள்ளே சேறு. மூடி வைத்துவிட்டு, "பரவால்ல அண்ணாச்சி, கை இருக்கு" என்றான். அந்த மார்கழியில் கோயிலே ஈரமாகக் கிடந்தது. பாட்டுக்கு யார் இருந்தார்கள்?

தண்ணீருக்குப் பின்னால் கையால் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தான். குரல் மேலே போக வேண்டும் என்றால் விரல் சுழலும். இறங்க வேண்டும் என்றால் உள்ளங்கை தாழும். ஒரு சுரத்தில் நிற்க வேண்டும் என்றால் முஷ்டி. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோசம். மாடிப்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். என் வீட்டுக்காரி நன்றாகப் பிடித்துக்கொண்டாள். அவன் அப்பா கட்டின முருகன் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடினாள், அந்தக் கனத்த குரலில். கேட்டால் உடம்பு ஒரு மாதிரி நிமிரும்.

அடுத்த மார்கழியில் கோயிலில் தனியாகப் பாட வேண்டும் என்று அவளே சொன்னாள். உளுந்து மண்டி அண்ணாச்சியிடம் நான் கேட்கப் போனபோது, "இந்தத் தடவையும் இருமல் உண்டுமா?" என்றார். பிறகு, "சரி, விடியக்காலம் கூட்டம் கம்மியா இருக்கும், பாடட்டும்" என்று நாள் கொடுத்தார்.

இதற்கு நடுவில் விளாத்திகுளத்தில் ஒரு கல்யாணம் என்று அவன் போனான். அவன் இல்லாத அன்று இவள் பாடிப் பார்த்தாள். வரவில்லை. முதல் வரி வந்தது. அடுத்தது மேலேயா கீழேயா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அவிய கை இல்லாம எனக்கு வரல்லங்க" என்று அழுதாள்.

அவன் திரும்பி வந்ததும் சொன்னேன். டீயை வாயில் வைக்கப்போனவன் அப்படியே கீழே வைத்துவிட்டான்.

"அண்ணாச்சி, கூண்டுல இருந்தப்ப நீங்க எங் கையத்தான பாத்திய? கீழ பாரம் எங்கன உக்காருதுன்னு ஒருநாளாவது பாத்தியளா?"

"கீழ பாக்க முடிஞ்சா நீ எதுக்குலே?"

"அதான். மதினியக் கொண்டுபோய்க் கூண்டுல உக்கார வச்சிட்டேன்."

அன்று முதல் கையைக் குறைத்தான். முதலில் சின்னதாக அசைத்தான். பிறகு விரல் மட்டும். பிறகு மடியில் வைத்துக்கொண்டான். இவளுக்குக் கோபம். "என்ன தம்பி, கையில மூட்டுவலியா?" என்று கேட்டாள். "ஆமா மதினி, வாயுவு" என்றான். ஒருநாள் பாட்டுப் பிடிபடாமல் கத்தியே விட்டாள்: "பாடவும் மாட்டீரு, கையும் காட்டமாட்டீரு, பொறவு எதுக்குவே வாத்தியாரு?" அவன் தலையைக் குனிந்துகொண்டு, "கேக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா மதினி" என்றான். எனக்கே அது பதிலாகப் படவில்லை. ஒருவேளை தெருவில் சொல்கிறதுதான் சரியோ, இவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லையோ என்று ஒரு நினைப்பு வந்து போனது.

அந்தக் காலையில் கோயிலில் பொங்கல் வாசனை. கூட்டம் கம்மியாக இருக்கும் என்றது பொய், தெரு முழுக்க வந்திருந்தது. மக்ரூன் கடைக்காரர் சம்சாரம் முன்வரிசையில். என் வீட்டுக்காரி பச்சைச் சேலை கட்டி மைக் முன்னால் நின்றாள். அவன் பக்கத்துத் தூணில் சாய்ந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான்.

ஆரம்பித்தாள். முதல் வரி ஒலிபெருக்கியில் தெருவுக்குப் போனதும் இரண்டு பேர், "யாரு, ஆம்பிளையா பாடுதது?" என்று திரும்பினார்கள். அவள் நிற்கவில்லை. பல்லவி போயிற்று. நான் மூச்சுவிட்டேன். சரணத்தில் நடுவழியில் நின்றுவிட்டாள்.

செல்போன் சுருதி மட்டும் ரீங்கரித்துக்கொண்டிருந்தது. அவள் தூணைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் கட்டின கை இறுகினது எனக்குத் தெரிந்தது, நான் அந்தப் பக்கம்தான் நின்றேன். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உளுந்து மண்டி அண்ணாச்சி ஐயரைப் பார்த்து, "சாமி, தீவாரனையக் காட்டிருவோமா?" என்றார்.

"ஏலே, கையக் காட்டுலே" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் அசையவில்லை.

"ஒரு விரலயாவது காட்டித் தொலையேம்லே! அவ இனிமே வாயே தொறக்கமாட்டா!"

அவன் கழுத்தில் வேர்வை ஓடியது. கையை எடுக்கவில்லை. ஐயர் தட்டில் கற்பூரத்தை வைத்தார்.

அவள் தூணைப் பார்க்கிறதை விட்டாள். கண்ணை மூடினாள். நின்ற இடத்தில் இருந்து எடுக்காமல் பாட்டைத் தலையில் இருந்து மறுபடியும் ஆரம்பித்தாள். முன்னைவிட மெதுவாக, முன்னைவிடச் சத்தமாக. சரணம் வந்தது. அந்த இடமும் வந்தது. அங்கே அவள் மேலே போகவில்லை. கீழே இறங்கினாள். அவன் சொல்லிக்கொடுத்த வழி அது இல்லை, நூறு தடவை படியில் உட்கார்ந்து கேட்டவன் நான். அடிக்கிடங்குக்குள் இறங்குகிற மாதிரி இறங்கி, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, அதற்குப் பிறகு ஏறி வந்து முருகன் பெயரைச் சொன்னாள். ஐயர் கற்பூரத்தை ஏற்றாமல் நின்றார். பாட்டு முடிந்த பிறகுதான் மண்டி அண்ணாச்சி மணியை அடித்தார்.

கூட்டம் கலைந்ததும் அவன் பிரசாத வரிசையில் நின்றவளிடம் வந்தான். கண் சிவந்திருந்தது.

"மதினி, சரணத்துல அந்த எடத்துல என்ன பண்ணுனிய? கீழ போய்த் திரும்புனியள்லா, அது எனக்குப் பிடிபடல. ஒருக்கப் பாடிக் காட்டுங்க."

அவள் தொன்னையில் பொங்கலை வாங்கிக்கொண்டே அவனைப் பார்த்தாள்.

"காட்டமாட்டேன். நீரே கேட்டுப் பிடியும்."

அவன் சிரித்தான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை. தொண்டையில் செருமல் வந்து, இருமி, மறுபடி சிரித்தான்.

இப்போது அவன் எங்கள் மாடியில் இல்லை. பெண்டாட்டி ஊர் என்று கீழவைப்பார் பக்கம் போய்விட்டான். அங்கே கடலோரத்தில் வலை பின்னுகிற ஷெட் ஒன்றில் சாயங்காலம் வகுப்பு எடுக்கிறான். மீன்காரப் பெண்கள் வருகிறார்களாம். அதில் பாதிப் பேர், வாத்தியாருக்குப் பாடத் தெரியாது, சும்மா கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறான் என்று எழுந்து போகிறார்களாம். போனில் சொன்னான். குரலில் கொஞ்சம் சோர்வு இருந்தது.

எனக்கு இனிமேல் பஸ் ஏறிப் போக முடியாது, முழங்கால் விடாது. உங்களில் யாருக்காவது கீழவைப்பார், வேம்பார் பக்கம் சொந்தபந்தம் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அந்த ஆள் பாடமாட்டான். கையும் கொஞ்ச நாளில் காட்டமாட்டான். கோபம் வரும், வரட்டும். பாதியில் மட்டும் எழுந்து வந்துவிட வேண்டாம், அவன் தூங்கவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான் என்று சொல்லுங்கள்.